பிலோடென்ட்ரான்: தொட்டியில் நடுதலும் தொட்டி மாற்றுதலும்

பிலோடென்ட்ரான் என்பது சேம்பு, சேனை, கருணை ஆகியவை அடங்கிய அரேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த பேரினமாகும். மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரையிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இயற்கையாக வளரும் இதன் சிற்றினங்கள் 500க்கு மேற்பட்டவை. 1817 முதல் 1821 வரை பிரேசிலில் தாவரங்களைச் சேகரித்துத் திரும்பிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் ஷாட், 1829இல் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். அழகிய இலைக்காகவும் குறைந்த ஒளியைத் தாங்கும் இயல்புக்காகவும் இன்று உலகெங்கும் வீட்டுக்குள் வளர்க்கப்படும் இச்செடி, அபிராமபுரம், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை போன்ற தென்சென்னைப் பகுதிகளின் அடுக்ககப் பால்கனிகளிலும் பழைய வீடுகளின் முன்தாழ்வாரங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது.

காட்டில் இச்செடி வாழும் முறையை அறிந்தால், தொட்டியில் அதற்கு வேண்டியவை தாமே விளங்கும். பெரும்பாலான சிற்றினங்கள் மரத்தின் அடியிலோ கிளைக்கவட்டிலோ முளைத்து, மரப்பட்டையைப் பற்றி ஏறி, வாழ்நாளின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ மரத்தின் மீதே கழிப்பவை. இவற்றை மரவொட்டிகள் என்பர். இவை மரத்திலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை. பட்டையின் வெடிப்புகளில் தங்கும் சருகு மக்கிலும் மழைநீரிலும் வேர்கள் உயிர்வாழ்கின்றன. நாள்தோறும் மழை பெய்தாலும் அந்த வேர்களைச் சுற்றி நீர் தேங்குவதில்லை. நனைந்த சில மணி நேரத்திலேயே அவற்றைக் காற்று சூழ்ந்துவிடுகிறது. எனவே ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடமே பிலோடென்ட்ரான் வேரின் இயல்பான உறைவிடம். தொட்டி, மண், நீர், பருவம் ஆகியவை பற்றி இவ்வியலில் கூறப்படும் விதிகள் யாவும் வேருக்குக் காற்றுக் கிடைக்க வேண்டும் என்னும் இந்த ஒரு தேவையை ஒட்டியே அமைகின்றன.

இலையைப் பொறுத்தவரை சென்னையின் தட்பவெப்பம் இச்செடிக்கு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகிறது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ள அபிராமபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். தை மாத இரவுகளிலும் இச்செடியைத் தாக்குமளவு குளிர் இறங்குவதில்லை. ஆகவே இலைமீது நீர் தெளிப்பது, குளிரிலிருந்து காப்பது ஆகியவை பற்றி அயல்நாட்டு நூல்கள் விரித்துரைக்கும் அறிவுரைகள் இங்குப் பெரிதும் தேவைப்படுவதில்லை. இங்கு நலியும் செடிகளில் பெரும்பாலானவற்றின் நலிவு மண்ணுக்குக் கீழேயே தொடங்குகிறது.

செடியை இனங்காணுதல்

நடும் முறை செடியின் வளர்ச்சி வடிவத்தைப் பொறுத்து மாறுவதால், வாங்கிய செடி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கொடியாக ஏறுபவை ஒரு வகை: இதய வடிவ இலையுள்ள ஹெடரேசியம், கொலம்பியாவைத் தாயகமாகக் கொண்ட, செந்நிறத் துளிர் விடும் எருபெசென்ஸ், நாற்றங்கால்களில் சிலோன் கோல்டு என்னும் பெயரில் விற்கப்படும் மஞ்சள் இலைச் செடி ஆகியவை இதில் அடங்கும். தண்டு நீளாமல், நடுவிலிருந்து இலைகள் சுற்றிலும் விரிந்து புதராக நிற்பவை மற்றொரு வகை. பிர்கின், சனாடு, பெரிதும் பிளவுபட்ட இலையுள்ள செலோம் ஆகியவை இவ்வகையினவாக விற்கப்படுகின்றன. இவற்றுள் செலோமும் சனாடுவும் 2018இல் தாமட்டோஃபில்லம் என்னும் தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. எனினும் வணிகத்தில் பழைய பெயரே வழங்குகிறது, வளர்ப்பு முறையிலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஹெடரேசியத்தையும் மணி பிளாண்ட் எனப்படும் எபிப்ரெம்னத்தையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். புதிய இலை வரும் விதத்தைக் கவனித்தால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். பிலோடென்ட்ரானின் இளந்துளிர் செதிலுறை என்னும் மெல்லிய தனி உறைக்குள் மூடப்பட்டு வெளிவரும். இலை விரிந்தபின் அவ்வுறை காய்ந்து உதிரும். மணி பிளாண்டில் இத்தகைய தனியுறை இல்லை. முந்தைய இலைக்காம்பின் பள்ளத்திலிருந்தே புதிய இலை சுருள் பிரிந்து வருகிறது. மணி பிளாண்ட் நாள்கணக்கில் ஈரமண்ணைப் பொறுத்துக்கொள்ளும். பிலோடென்ட்ரானுக்கு அந்தப் பொறுமை குறைவு.

நடுவதற்குரிய பருவம்

வசந்தகாலத்தில் தொட்டி மாற்ற வேண்டும் என்னும் மேலைநாட்டு விதி, குளிரில் உறங்கிய செடி மார்ச் மாதத்தில் விழித்தெழும் நாடுகளுக்கு உரியது. சென்னையில் அதே மாதங்கள் வெயில் ஏறுமுகமாக இருந்து மே 4 முதல் 28 வரையிலான அக்னி நட்சத்திரத்தில் உச்சம் தொடும் காலமாகும். வேர் கலைக்கப்பட்ட செடி இலைவழி இழக்கும் நீரை ஈடுசெய்ய அப்போது இயலாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கு நேர்மாறான இடரைத் தருகின்றன. நகரின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்காலத்தில்தான் கொட்டுகிறது. வெட்டுப்பட்ட வேர்முனைகள் ஆறுவதற்குமுன் தொடர்ந்து நனைந்தால் அழுகல் பூஞ்சைகள் எளிதில் நுழைகின்றன.

ஆகவே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆடி, ஆவணி மாதங்கள், அதாவது ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரையிலான காலம், தொட்டி மாற்றுவதற்கு முதற்பருவமாகக் கொள்ளத்தக்கது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவர் மரபு தொட்டிச் செடிக்கும் பொருந்துகிறது: வெயில் தணிந்து மாலை மழை இடையிடையே பெய்யும் அந்நாட்களில் வேர் விரைந்து ஊன்றும், அடைமழை தொடங்குமுன் செடி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்களேனும் கிடைக்கும். தை மாதமும் மாசியின் முற்பகுதியும் இரண்டாம் பருவம். வேர் அழுகத் தொடங்கிய செடிக்கு மட்டும் இந்தப் பருவ வரையறை இல்லை. அது எம்மாதமாயினும் உடனே மாற்றப்பட வேண்டும்.

ஒளியும் இருப்பிடமும்

பிலோடென்ட்ரானுக்கு வேண்டியது நேர் வெயில் படாத, ஆனால் விளக்கின்றிப் படிக்க இயலுமளவு பிரகாசமான ஒளி. நண்பகலில் இலைக்குச் சற்று மேலே கையை நீட்டும்போது விளிம்பு மங்கலான நிழல் விழுமாயின் ஒளி சரியானது. விளிம்பு கூர்மையாக விழுந்தால் வெயில் மிகுதி, நிழலே விழாவிடில் ஒளி போதாது.

வடக்கு நோக்கிய சாளரத்தில் நேர் வெயில் விழாது என்னும் பொதுவிதியைச் சென்னையில் அப்படியே கொள்ளலாகாது. நகரம் 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் ஞாயிறு உச்சந்தலைக்கு மேல் வருகிறது. இவ்விரு நாட்களுக்கும் இடையில் அது வடக்கே சாய்ந்து செல்வதால், மே, ஜூன், ஜூலை மாதங்களில் வடக்குப் பால்கனியின்மீது காலையிலும் மாலையிலும் சாய்வெயில் படுகிறது. ஐப்பசி முதல் மாசிவரை இதற்கு மாறாகத் தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் அறைக்குள் ஆழமாக நுழைகிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை தொட்டியை இடம்மாற்றவோ மூங்கில் தட்டி தொங்கவிடவோ வேண்டியிருக்கும். தெருவோர வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி ஆகியவற்றின் நிழலை நம்பி வைத்த செடிகளையும் கண்காணிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் நகரின் மரங்களைப் பெருமளவில் சாய்த்ததுபோல், ஒரு மரம் விழுந்தாலோ கிளை கழிக்கப்பட்டாலோ பால்கனியின் ஒளி ஒரே நாளில் மாறிவிடும்.

அடுக்ககங்களில் கவனிக்கத்தக்க மற்றோர் இடர் குளிர்சாதனக் கருவி. அதன் வெளியலகு பால்கனியில் இருந்தால், அது உமிழும் வெப்பக்காற்று இலையைக் கருக்கிவிடும். உள்ளலகின் குளிர்காற்று நேராகப் படும் இடத்தில் இலைவிளிம்பு காய்கிறது. இரண்டின் காற்றுப் பாதையிலிருந்தும் தொட்டி விலகியிருக்க வேண்டும்.

தொட்டியைத் தெரிதல்

புதிய தொட்டி பழையதைவிடக் குறுக்களவில் 1 முதல் 2 அங்குலம் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். 6 அங்குலத் தொட்டியில் உள்ள செடியை 8 அங்குலத்துக்கு மாற்றலாம், 12 அங்குலத்துக்கு மாற்றலாகாது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் மிகுதியாக இருப்பதும், அம்மண்ணின் நீரை உறிஞ்ச ஆளில்லாமல் அது நாள்கணக்கில் ஈரமாகவே நிற்பதும், அதனால் வேருக்குக் காற்றுக் கிட்டாமல் போவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன.

சுட்ட மண்தொட்டியின் சுவர்வழி நீர் ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ந்தும் காற்றோட்டமாகவும் இருக்கும். நீரை அடிக்கடி ஊற்றும் பழக்கமுள்ள வீடுகளுக்கு இதுவே ஏற்றது. பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தை நீண்டநேரம் காக்கும். வெளியூர் செல்வோருக்கு அது வசதி எனினும் அடியில் நான்கு துளைகளேனும் இருக்க வேண்டும், வெயில் படும் இடத்தில் கறுப்பு நிறத்தைத் தவிர்க்க வேண்டும். புதிய சிமெண்ட் தொட்டியிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மையாக்கும் என்பதால், அதைச் சில வாரங்கள் நீர் நிரப்பி வடித்துப் பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். துளையில்லாத பீங்கான் தொட்டி செடியை நடுவதற்கு உரியதன்று. துளையுள்ள தொட்டியை உள்ளே வைக்கும் வெளிக்கூடாக மட்டுமே அது பயன்படும்.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் மென்துகள் கொண்ட மண்ணிலிருந்து பெருந்துகள் கொண்ட ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. நுண்துளை ஈர்ப்பு நீரை மண்ணிலேயே பிடித்து வைப்பதால், தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரம் செறிந்த அடுக்கு ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி வேரை நெருங்குகிறது. மண் வெளியேறாதபடி துளையின்மீது ஓர் ஓட்டுச்சில்லோ வலைத்துண்டோ வைப்பதே போதும். வடிகால் வேண்டுமாயின் அது கலவை முழுவதிலும் அமைய வேண்டும்.

நடவுக் கலவை

சென்னை நாற்றங்கால்களில் விற்கப்படும் அழகுச் செடிகளில் பெரும்பகுதி ஆந்திரத்தின் ராஜமகேந்திரவரத்துக்கு அருகிலுள்ள கடியம் பகுதியிலிருந்து வருகிறது. அவற்றுள் பல, வழியில் சிதையாதபடி இறுகிய களிமண் கட்டியோடு கறுப்புப் பாலித்தீன் பையில் வருகின்றன. பயணத்துக்கு உதவிய அம்மண் தொட்டியில் காய்ந்தால் கல்லாகிறது, நனைந்தால் சேறாகிறது. இக்கட்டியை அப்படியே இலகுவான கலவைக்குள் வைத்து மூடுவதும் தவறு: ஊற்றும் நீர் சுற்றியுள்ள கலவை வழியே வடிந்துவிடக் கட்டியின் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கலாம்; நனைந்துவிட்டாலோ அது காயாமல் கிடக்கலாம். வேறு சில செடிகள் தென்னை நார்த்தூளில் மட்டும் வளர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு வடிகால் உண்டு, உணவு இல்லை.

இவ்விரு குறையும் நீங்க, தேங்காய் மட்டைத் துண்டு 3 பங்கு, கழுவிய நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, உடைத்த அடுப்புக்கரி அல்லது பெர்லைட் 1 பங்கு என்னும் அளவில் கலவை தயாரிக்கலாம். மட்டைத் துண்டும் கரியும் காற்றறைகளை உண்டாக்குகின்றன. நார்த்தூள் ஈரத்தைப் பிடிக்கிறது. மண்புழு உரம் உணவாகிறது. செம்மண் தொட்டிக்கு எடையையும் நுண்சத்துகளையும் தருகிறது. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சுட்டுப் பொரியச் செய்த வெண்ணிறத் துகள். விலை கூடுதலாகத் தோன்றினால் கரியே போதும். 10 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சிறிது டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை பயக்கும் பூஞ்சைத் தூளும் சேர்த்து, ஈரப்படுத்தி, பத்து நாட்கள் நிழலில் மூடி வைத்தபின் பயன்படுத்துவது நலம்.

தமிழகத்தில் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூள் இக்கலவையின் உயிர்ப்பொருள் எனினும், அதில் இயல்பாகவே உப்பு மிகுந்திருக்கும். கட்டியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேநீர் நிறத்தில் வடியும் நீர் தெளியும்வரை மூன்று முறையேனும் கழுவ வேண்டும். கலவை சரியாக அமைந்ததா என்பதைக் கையாலேயே அறியலாம்: ஈரக்கலவையைப் பிடியளவு எடுத்து இறுக்கிக் கையை விரித்தால் உருண்டையாக நின்று, விரல் பட்டதும் உதிர வேண்டும். உதிராமல் நிற்பின் மட்டைத் துண்டும், உருண்டையே ஆகாவிடில் நார்த்தூளும் கூட்டப்பட வேண்டும்.

தொட்டி மாற்ற வேண்டிய காலத்தின் அறிகுறிகள்

வடிகால் துளைவழி வேர் வெளியே நீள்வது, ஊற்றிய நீர் மண்ணின் மேல் நெடுநேரம் நிற்பது, காலையில் ஊற்றிய செடி மறுநாளே துவள்வது, ஒளியும் உரமும் குறையாதபோதும் புதிய இலைகள் முந்தையவற்றைவிடச் சிறுத்து வருவது, தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் பூப்பது ஆகியவை மாற்றத்துக்குரிய அறிகுறிகளாகும். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு, அடித்தண்டு மென்மையாகி, மண்ணில் புளித்த வாடை வீசினால் அது வேர் அழுகலைக் குறிக்கும். காற்றுவேர்கள் தண்டிலிருந்து நீள்வது மட்டும் மாற்றத்துக்கான காரணம் ஆகாது. அது கொடியின் இயல்பு. கடையிலிருந்து வந்த செடியைப் புதிய இடத்தின் ஒளிக்குப் பழகும்படி இரண்டு வாரங்கள் பையோடே வைத்திருந்து, பூச்சி எதுவும் இல்லை என்று உறுதிசெய்தபின் தொட்டியில் நடுவது முறை.

மாற்றி நடும் முறை

மாற்றுவதற்கு முதல்நாள் மாலையில் செடிக்கு நன்றாக நீரூற்ற வேண்டும். நீர் நிறைந்த வேர் வளைந்து கொடுக்கும், காய்ந்த வேர் ஒடியும். மறுநாள் வேலையை வெயில் இறங்கிய பிறகு தொடங்குவது சிறந்தது. இச்செடியின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி வடிவப் படிகங்கள் உள்ளன. சேனையையும் கருணையையும் நறுக்கும்போது கையில் நமைச்சலையும், சரியாக வேகாதபோது தொண்டையில் காறலையும் உண்டாக்குவது இதே பொருள்தான். ஆகவே கையுறை அணிந்துகொள்ள வேண்டும். வெட்டிய துண்டுகள் குழந்தைகளுக்கோ பூனை, நாய்களுக்கோ எட்டாதவாறு உடனே அகற்றப்பட வேண்டும். இலையை மென்றுவிட்டால் வாயிலும் நாக்கிலும் எரிச்சலும் வீக்கமும் தோன்றும். வாயை நீரால் கழுவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சுவரைத் தட்டி, அடித்தண்டைத் தாங்கியபடி வேர்க்கட்டை வெளியே எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்கலாகாது. பாலித்தீன் பையாயின் கிழித்து நீக்கலாம். களிமண் கட்டியாயின் அதை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, விரலால் மெல்ல அலசி, பாதிக்கு மேற்பட்ட மண்ணையாவது கரைத்துவிட வேண்டும். தொட்டிச் சுவரைச் சுற்றி வளைந்த வேர்களைப் பிரித்து விரித்துவிட வேண்டும். பிரிக்க இயலாத அளவுக்கு நெருங்கியிருப்பின் கட்டின் அடிப்பகுதியில் கால் பங்கை வெட்டி நீக்கலாம். நலமான வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, கிள்ளினால் தோல் உரிந்து நார் மட்டும் மிஞ்சும். அழுகிய பகுதியைச் சாராயம் தொட்டுத் துடைத்த கத்தரியால் உறுதியான பகுதிவரை வெட்டி, வெட்டுவாயில் கரித்தூளையோ மஞ்சள்தூளையோ தடவி, ஒரு மணி நேரம் நிழலில் உலரவிட வேண்டும். வேர் பெருமளவு நீக்கப்பட்டிருந்தால் புதிய தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பழைய அளவோ அதைவிடச் சிறியதோ பொருத்தமாகும்.

புதிய தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கலவை இட்டு, வேர்க்கட்டின் மேற்பரப்பு விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வருமாறு உயரத்தைச் சரிபார்த்துச் செடியை நடுவில் நிறுத்த வேண்டும். நடும் ஆழத்தில் இருவகைச் செடிகளும் வேறுபடுகின்றன. கொடி வகையில் இலையுதிர்ந்த ஒன்றிரண்டு கணுக்கள், அதாவது இலையும் வேரும் தோன்றும் தண்டின் முடிச்சுகள், மண்ணுக்குள் புதைந்தால் அங்கிருந்து புது வேர் விடும். எனவே சற்று ஆழமாக நடலாம். புதர் வகையில் இலைகள் தோன்றும் நடுமையம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அது புதைந்தால் நீர் தங்கி அழுகிவிடும். சுற்றிலும் கலவையை நிரப்பித் தொட்டியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டினாலே இடைவெளிகள் அடையும். கட்டை விரலால் அழுத்தி இறுக்குவது, கலவையில் பாடுபட்டு உண்டாக்கிய காற்றறைகளை மூடிவிடும்.

கொடிக்குப் பற்றுக்கோல்

கொடி வகைக்குரிய பற்றுக்கோலை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். பின்னர் ஊன்றினால் வேர் சிதையும். தென்னை நார் சுற்றிய கம்பு நாற்றங்கால்களில் கிடைக்கிறது. உளுக்காத மரக்கட்டையும் போதும். பிலோடென்ட்ரான் கணுவிலிருந்து வரும் காற்றுவேர்கள் இருவகைப்படும்: பட்டையைப் பற்றுவதற்கான குறுவேர்கள் ஒன்று, மண்ணை நோக்கி இறங்கி நீர் தேடும் நெடுவேர்கள் மற்றொன்று. அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் விழுதுகள் மண்ணைத் தொட்டதும் தடித்துத் தூண்களாக மாறி மரத்தைத் தாங்குகின்றன. பிலோடென்ட்ரானின் நெடுவேர் அவ்வாறு தாங்குவதில்லை, ஊட்ட மட்டுமே செய்கிறது. ஆகவே குறுவேர்கள் பற்றும்படி கம்பின் நாரை ஈரமாக வைத்து, கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சணல் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். நெடுவேரைத் தொட்டி மண்ணுக்குள் திருப்பிவிடலாம். மேலேறும் கொடியின் இலை பெரிதாவதும் தொங்கவிடப்பட்ட கொடியின் இலை சிறுத்துப்போவதும் இவ்வினத்தின் இயல்பு என்பதால், எவ்வடிவம் வேண்டும் என்பதை நடும்போதே தீர்மானிக்க வேண்டும்.

தரையில் நடுதல்

தனி வீடுகளிலும், மதிலுக்கும் கட்டடத்துக்கும் இடையே மண்பரப்பு விடப்பட்ட அடுக்ககங்களிலும் செலோம், எருபெசென்ஸ் போன்றவற்றைத் தரையிலும் நடலாம். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. 1920களில் பெரிய ஏரி ஒன்று தூர்க்கப்பட்டு உருவான தியாகராய நகரிலோ ஏரிப்படுகைக் களியை எதிர்பார்க்கலாம். எங்காயினும் மதிலோரப் பகுதியில் செங்கல், சிமெண்டுத் துண்டு, சுண்ணாம்பு ஆகியவை புதைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. இவை மண்ணைக் காரமாக்குகின்றன, பிலோடென்ட்ரானோ சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புகிறது. எனவே ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டி, இடிபாடுகளைப் பொறுக்கியெடுத்து, முன்கூறிய கலவையோடு செம்மண்ணை இருமடங்காக்கி நிரப்ப வேண்டும். மழைநீர் தேங்கும் தாழ்வான இடமாயின் அரையடி உயரத்துக்கு மேடமைத்து நடுவது கட்டாயம். மாமரத்தின் அல்லது வேம்பின்மீது ஏற்ற விரும்பினால், மர வேரோடு போட்டியிடாதபடி அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளி நட்டு, கொடியைச் சாய்வாகக் கொண்டுசென்று பட்டையில் சேர்க்கலாம்.

நீரும் உரமும்

நட்டவுடன் அடித்துளைவழி வடியும்வரை ஒருமுறை நீரூற்றி, செடியை இரண்டு வாரங்கள் முழுநிழலில் வைக்க வேண்டும். அதன்பின் நாள் கணக்கில் அல்லாமல் விரல் கணக்கில் நீரூற்றுவது நல்லது: ஆட்காட்டி விரலை இரு கணு ஆழத்துக்கு மண்ணில் செலுத்தி, ஈரம் தட்டாதபோது மட்டும் ஊற்ற வேண்டும். இவ்விதியின்படி கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ ஊற்ற நேரும். நீரூற்றிய மறுநாள் விடியலில் இலைநுனியில் துளி நிற்பது நோயன்று. காற்று ஈரமாக உள்ள இரவில் செடி மிகைநீரை இவ்வாறு வெளியேற்றுகிறது.

நீரின் தரம் அளவைப் போலவே முதன்மையானது. கடலோரப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருக்கும்; அது தொட்டியில் படிந்து இலைநுனியைக் கருக்கும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது. 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதனால் பல வீடுகளின் மாடியில் வடிகுழாய் அமைப்பு உண்டு. அதிலிருந்து ஒரு பீப்பாயில் நிரப்பி இறுக மூடி வைத்த நீரே தொட்டிச் செடிக்குக் கிடைக்கும் சிறந்த நீர். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு. அதைக் குழாய் நீரோடு கலந்து ஊற்றலாம். கிணற்று நீரையே நம்ப வேண்டிய வீடுகளில், மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நல்ல நீரை ஊற்றி வடியவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிட வேண்டும்: அது வேருக்குக் கேடு மட்டுமன்று, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த சிறு நீர்த்தேக்கத்தில் முட்டையிட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் முழுக்கொசுவாகி வெளிவரும்.

புதிய துளிர் தோன்றும்வரை, ஏறத்தாழ ஆறு வாரங்கள், உரமிடல் வேண்டா. ஆறாத வேரை உரத்தின் உப்பு சுடும். பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மேல்மண்ணோடு கலக்கலாம். அல்லது மாதம் ஒருமுறை 19:19:19 என்னும் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம். மே மாதத்தில் இலையின் அடியில் சிலந்திப்பேனும், ஆண்டு முழுவதும் இலைக்காம்பு மடிப்பில் மாவுப்பூச்சியும் தோன்றக்கூடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் சாய்ந்தபின் வாரம் ஒருமுறை தெளித்தால் இரண்டும் கட்டுப்படும்.

தண்டிலிருந்து புதுச்செடி

தொட்டி மாற்றும்போது நீண்ட கொடியைக் கழித்தால் அத்துண்டுகளையும் செடியாக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலையும் குறைந்தது ஒரு கணுவும் இருக்க வேண்டும். கணுவில்லாத இலை நீரில் வேர்விட்டாலும் ஒருபோதும் செடியாகாது. கணு மூழ்குமாறு நீரில் வைத்து, நீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிவந்தால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் தோன்றும். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்ற வேண்டும், அதற்குமேல் நீரிலேயே விட்டால் மண்ணுக்குப் பழகுவது கடினம். தடித்த தண்டுள்ள, விலையுயர்ந்த செடியில் விண்பதியம் பாதுகாப்பானது: தாய்ச்செடியிலேயே கணுவைச் சுற்றி ஈர நார்த்தூளைப் பாலித்தீன் தாளால் கட்டி, உள்ளே வேர் நிறைந்தபின் அதற்குக் கீழே வெட்டி நடுவதே விண்பதியம்.

அடுத்த மாற்றத்துக்குரிய கணக்கு

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்ற வேண்டும் என்பது ஒரு பொதுக்கணக்கு மட்டுமே. சென்னையின் வெப்பத்திலும் ஈரத்திலும் நார்த்தூளும் மண்புழு உரமும் விரைவாக மக்கி நொய்ந்து படிவதால், செடி வளராதிருந்தாலும் கலவை தன் காற்றறைகளை இழந்துகொண்டே வருகிறது. இதை அளக்க எளிய வழி உண்டு. நட்ட அன்று ஒரு லிட்டர் நீரை ஊற்றி, மேற்பரப்பில் நிற்கும் நீர் முழுவதும் உள்ளிறங்க எத்தனை விநாடி ஆகிறது என்பதைத் தொட்டியின் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். பின்னர் ஆண்டுதோறும் ஆடி மாதத் தொடக்கத்தில் அதே அளவு நீரை ஊற்றி ஒப்பிட்டு, நேரம் இரு மடங்கைத் தாண்டியிருந்தால் அவ்வாண்டே கலவையை மாற்ற வேண்டும், தாண்டாவிடில் மேல்மண்ணில் இரண்டு அங்குலத்தை மட்டும் புதுப்பித்துச் செடியை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். பெரிய தொட்டிக்கு இடமில்லாத பால்கனியில், வேரைக் கால் பங்கு கழித்து அதே தொட்டியில் புதுக்கலவையோடு நடுவதே போதும். ஏனெனில் தொட்டி மாற்றுதலின் நோக்கம் கொள்கலனைப் பெரிதாக்குவதில் இல்லை, வேரைச் சுற்றிலும் காற்றறைகளை மீண்டும் உண்டாக்குவதில்தான் உள்ளது.